முதல் ஸ்பிரிண்ட் ட்ரையத்லான்: 12 வாரம் போதுமா, எந்த சைக்கிள் வாங்கலாம்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வயது 38, உட்கார்ந்து பார்க்கும் வேலை. 5 கிலோமீட்டர் நிற்காமல் ஓட முடிகிறது, வார இறுதியில் சைக்கிள் மிதிக்கிறீர்கள். நீச்சல் குளத்தில் 50 மீட்டர் போனாலே மூச்சு வாங்குகிறது. 12 வாரம் கழித்து வரும் ஸ்பிரிண்ட் தூர ட்ரையத்லானுக்கு, அதாவது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்கும் போட்டியின் குறுந்தூர வகைக்கு, பெயர் கொடுத்துவிட்டீர்கள். அவகாசம் போதுமா, சைக்கிளை மாற்ற வேண்டுமா, எவ்வளவு நேரத்தில் முடிக்கலாம் என்று மூன்று கேள்விகள். அப்புறம் போகிற போக்கில், “நடுத் தண்ணீரில் முடியாமல் போனால் என்ன ஆகும்?” என்று ஒரு வரி. எனக்கென்னவோ அந்தக் கடைசி வரிதான் நிஜமான கேள்வி என்று படுகிறது. முதல் மூன்றுக்கும் பதில் சின்னது: பெரும்பாலும் போதும், மாற்ற வேண்டாம், நேரத்தை இப்போது யோசிக்க வேண்டாம். கடைசி வரிக்குத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும்.

பெரியவர்களுக்கு நீச்சலும், அதைத் தொடர்ந்து ட்ரையத்லான் பயிற்சியும் பல வருடங்களாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். நான் மருத்துவன் அல்ல. நீங்கள் நீந்துவதை நேரில் பார்த்ததும் இல்லை. ஆகவே உங்கள் உடலைப் பற்றி இங்கே நான் சொல்வதெல்லாம் ஊகம். பொதுவாகத் தெரிந்ததைத் தெரிந்ததாகவும், சந்தேகமானதைச் சந்தேகமாகவும் பிரித்துச் சொல்ல முயல்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஸ்பிரிண்ட் என்றால் வழக்கமாக 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். 2000-இல் சிட்னியில் ட்ரையத்லான் ஒலிம்பிக்கில் அறிமுகமானபோது வைத்த தூரத்தில் சரிபாதி. 100 மீட்டருக்கு இரண்டரை நிமிடம் என்று நிதானமாக நீந்தினால் நீச்சலுக்குச் சுமார் 19 நிமிடம். மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிளுக்கு 50 நிமிடம். கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்று ஓடினால் 35 நிமிடம். நடுவில் உடை, காலணி மாற்ற இரண்டு இடங்களிலும் சேர்த்து 6 நிமிடம். ஆக 1 மணி 50 நிமிடம். இப்போது புது சைக்கிள் வாங்கி, அதனால் வேகம் மணிக்கு 26 ஆகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமாவது 4 நிமிடம்கூட இல்லை. அந்தப் பணத்தைத் தண்ணீரில் போடுங்கள். அதாவது நல்ல நீச்சல் பயிற்சியாளரிடம்.

மொத்த நேரத்தில் ஆறில் ஒரு பங்குதானே நீச்சல், அதற்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்று கேட்கலாம். சைக்கிளில் களைத்தால் மிதிப்பதை நிறுத்தலாம். ஓட்டத்தில் களைத்தால் நடக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. தண்ணீரில் மட்டும்தான், களைத்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே கற்றுவைத்திருக்க வேண்டும். இன்னொன்று, பயமுறுத்தச் சொல்லவில்லை, தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்: ட்ரையத்லான் போட்டிகளில் நேரும் மரணங்கள் மிக அரிது. ஆனால் நேர்பவற்றில் பெரும்பகுதி நீச்சலில்தான் நேர்கிறது. அதிலும் நடுவயது ஆண்களே அதிகம். இதுவரை ஆய்ந்தவர்கள் இதில் ஒத்துப்போகிறார்கள். காரணம் எது என்பதில்தான் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. வெளியே தெரியாத இதயக் கோளாறு, குளிர்ந்த நீர், பதற்றம் எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன என்பது பொதுவான கருத்து. ஆகவே பயிற்சி தொடங்கும் முன் ஒருமுறை மருத்துவரைப் பாருங்கள். மிதிக்கும்போதோ ஓடும்போதோ நெஞ்சு இறுகியிருந்தால், மயக்கம் வந்திருந்தால், இரத்த அழுத்தம் இருந்தால், குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தால், இதைத் தள்ளிப்போடவே கூடாது.

சரி, 50 மீட்டரில் ஏன் மூச்சு வாங்குகிறது? 5 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு நுரையீரல் பலம் போதாமல் இல்லை. நான் பார்த்தவரை பத்தில் ஒன்பது பேருக்குச் சிக்கல் மூச்சை இழுப்பதில் இல்லை, விடுவதில் இருக்கிறது. முகம் தண்ணீருக்குள் போனதும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். தலையைத் திருப்பும் அந்த அரை நொடியில் பழைய காற்றை வெளியே விட்டுப் புதுக் காற்றை இழுக்கப் பார்க்கிறார்கள். இரண்டுமே அரைகுறையாகத்தான் நடக்கும். உடலில் கார்பன் டை ஆக்சைடு ஏறுகிறது. “மூச்சு முட்டுகிறது” என்ற அவசர உணர்வைக் கிளப்புவது முதலில் அதுதான், ஆக்சிஜன் குறைவு அல்ல. உடனே தலையைத் தூக்குகிறார்கள், தலை தூக்கினால் இடுப்பும் காலும் அமிழ்கின்றன, அமிழ்ந்த உடலை இழுக்க இன்னும் பலம் வேண்டும், இன்னும் மூச்சு வாங்கும். ஒன்று மற்றொன்றை வளர்த்துவிடும்.

ஆகவே முதல் இரண்டு வாரம் தூரத்தை மறந்துவிடுங்கள். இடுப்பளவு நீரில் நின்று, முகத்தை உள்ளே வைத்து, மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் குமிழிகள் ஒரே சீராக வரும்படி ஊதுங்கள். முழு நுரையீரலையும் காலிசெய்ய வேண்டாம், விடாமல் விட்டுக்கொண்டே இருந்தால் போதும். பிறகு பக்கவாட்டில் திரும்பி வாய் மட்டும் வெளியே வர, ஒரு சின்ன மூச்சு. இது அலுப்பூட்டும் வேலைதான். ஆனால் இதைத் தாண்டிக் குதித்தவர்கள் எட்டாவது வாரத்தில் திரும்ப இங்கேதான் வந்து நிற்கிறார்கள். அடுத்தது மல்லாந்து மிதப்பது. கை கால் எதையும் அடிக்காமல், காது தண்ணீருக்குள் இருக்க, ஒரு நிமிடம் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கத் தெரிய வேண்டும். இது வந்துவிட்டால் உங்கள் பயத்தில் பாதி போய்விடும், ஏனென்றால் நடுத் தண்ணீரில் உங்களுக்கென்று ஓர் இடம் கிடைத்துவிடுகிறது.

அதற்குப் பிறகு தூரத்தைத் துண்டு துண்டாகக் கூட்டுங்கள். 25 மீட்டர் நீந்தி 20, 30 நொடி இளைப்பாறி, மறுபடி 25 என்று மொத்தம் 400 மீட்டர் வரும்படி. பிறகு 50 மீட்டர் துண்டுகள், அப்புறம் 100, ஏழெட்டு வாரத்தில் 200. ஒவ்வொரு கட்டத்திலும் அடுத்ததற்குப் போகலாமா என்பதற்கு ஒரே சோதனை: கடைசித் துண்டும் முதல் துண்டைப் போலவே அமைதியாக இருந்ததா? இல்லையென்றால் அந்த வாரத்தைத் திரும்பச் செய்யுங்கள். பத்தாவது வாரத்துக்குள் 800 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், எவ்வளவு மெதுவாக என்பது பொருட்டே அல்ல. 750 என்பது 25 மீட்டர் குளத்தில் 30 நீளம். ஆனால் குளத்தில் ஒவ்வொரு முனையிலும் சுவரை உதைத்துக் கிளம்புகிறோம், அந்த இரண்டு மூன்று நொடி ஓய்வு வெளியே கிடைக்காது. அதற்காகத்தான் 50 மீட்டர் கூடுதல். காலை அதிகம் உதைக்காதீர்கள், அந்தக் கால்களுக்கு அடுத்து 25 கிலோமீட்டர் வேலை இருக்கிறது. இன்னொன்று, ஃப்ரீஸ்டைலில்தான் நீந்த வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. தவளை நீச்சலிலேயே முழுத் தூரத்தையும் முடித்தவர்கள் ஏராளம்.

குளத்தில் 800 வந்துவிட்டது என்பதற்காகத் திறந்த நீர் வந்துவிட்டதாக நினைக்காதீர்கள். கீழே கோடு இல்லை, பக்கத்தில் கயிறு இல்லை, சில இடங்களில் நீட்டிய கையே கண்ணுக்குத் தெரியாது. போட்டிக்கு முன் மூன்று நான்கு முறையாவது திறந்த நீரில் நீந்துங்கள். ஒருபோதும் தனியாக வேண்டாம், இடுப்பில் கட்டும் பளிச்சென்ற மிதவையோடு போங்கள். தலையைத் தூக்கி திசை பார்ப்பது தனிப் பழக்கம்: முதலை மாதிரி கண் மட்டும் நீருக்கு மேலே வர வேண்டும், மூச்சை வழக்கம்போலப் பக்கவாட்டில் எடுத்துக்கொள்ளலாம். எட்டுப் பத்து வீச்சுக்கு ஒருமுறை போதும். நீர் குளிர்ச்சியாக இருந்தால் இறங்கிய முதல் ஒன்றிரண்டு நிமிடத்துக்கு மூச்சு தானாகத் திணறும், நெஞ்சு படபடக்கும். அது உடலின் இயல்பான எதிர்வினை, சற்றுப் பொறுத்தால் தணியும். அதனால்தான் தொடக்க ஒலிக்கு முன்பே தண்ணீரில் இறங்கி, முகத்தில் நீர் அடித்து, கொஞ்சம் நீந்திப் பார்க்கச் சொல்கிறோம். உடலோடு ஒட்டிய ரப்பர் நீச்சல் உடையான வெட்சூட் மிதக்க உதவும், ஆனால் எல்லா இடத்திலும் போட முடியாது. உலக ட்ரையத்லான் அமைப்பின் விதிப்படி, வயதுப் பிரிவினருக்கு (உங்களைப் போலத் தொழில்முறை அல்லாதவர்களுக்கு) 1500 மீட்டர் வரையிலான நீச்சலில் நீர் 22 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ இருந்தால் அனுமதி இல்லை, 16 டிகிரிக்குக் கீழே போனால் கட்டாயம். நாட்டுச் சங்கங்களின் அளவு இதிலிருந்து மாறலாம், உங்கள் போட்டியின் விதிப் புத்தகத்தைப் பாருங்கள். வெட்சூட் போடுவதாக இருந்தால் முன்பே அதில் நீந்திப் பழகுங்கள். கழுத்தை இறுக்கும் வெட்சூட்டே பலருக்குப் பதற்றத்தைக் கிளப்பிவிடுகிறது.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். முடியவில்லை என்றால் என்ன ஆகும்? முதலில், நிற்கலாம். மல்லாந்து மிதக்கலாம், தவளை நீச்சலுக்கு மாறலாம். பாதுகாப்புக்கு வரும் கயாக் என்ற சிறு படகையோ மிதவையையோ பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கலாம். அதைப் பிடித்துக்கொண்டு முன்னே நகராத வரை பொதுவாக அது விதிமீறல் ஆகாது. இது தெரியாமல், பிடித்தால் வெளியேற்றிவிடுவார்களோ என்று பயந்து திணறுகிறவர்கள் நிறையப் பேர். உண்மையாகவே உதவி வேண்டுமென்றால் ஒரு கையை நேராக உயர்த்திக் குரல் கொடுங்கள், வந்து ஏற்றிக்கொள்வார்கள். அத்தோடு அன்றைய போட்டி முடிந்தது, அவ்வளவுதான். ஒரே ஓர் அறிகுறியை மட்டும் பொறுத்துக்கொண்டு நீந்தாதீர்கள்: செய்யும் வேலைக்குச் சம்பந்தமில்லாத மூச்சுத்திணறல், கூடவே இருமல், எச்சிலில் நுரையோ இளஞ்சிவப்பு நிறமோ. நீந்தும்போது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் நிலை இது. அபூர்வம்தான், ஆனால் அது வந்தால் ஓய்வெடுத்துத் தொடர்வது என்ற பேச்சே இல்லை, கையை உயர்த்தி வெளியே வந்து மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தொடக்கத்தில் எங்கே நிற்பது என்பதும் பயத்தைப் பாதியாக்கும். கூட்டத்தின் பின்னால், ஓரமாக நில்லுங்கள். ஒலி எழுந்ததும் பத்து நொடி எண்ணிவிட்டுக் கிளம்புங்கள். முன்னால் போகிறவர்களின் கை உங்கள் முகத்திலும், அவர்கள் கால் உங்கள் தோளிலும் படாது. இழப்பது பத்து நொடி. நீச்சல் கண்ணாடியின் பட்டையைத் தொப்பிக்கு அடியில் போட்டுக்கொண்டால் யார் கை பட்டாலும் கழன்று போகாது.

சைக்கிளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிரேக் பிடிக்க வேண்டும், கியர் சிக்காமல் மாற வேண்டும், டயரில் சரியான காற்று வேண்டும், கைப்பிடியின் முனைகள் மூடியிருக்க வேண்டும். இருக்கை உயரம் முக்கியம்: மிதி மிகக் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் ஏறக்குறைய நேராக வர வேண்டும். தாழ்ந்த இருக்கையில் மிதித்தால் முட்டிதான் கணக்குக் கேட்கும். கனமான கியரில் அழுத்தி மிதிப்பதைவிட, நிமிடத்துக்கு 80, 90 சுற்று வரும் இலகுவான கியரில் மிதிப்பது ஓட்டத்துக்குக் காலை மிச்சம் வைக்கும் என்று பெரும்பாலான பயிற்சியாளர்கள் சொல்கிறோம். இது அனுபவத்தில் வந்த பேச்சு, எல்லோருக்கும் ஒரே எண் பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பஞ்சர் ஆனால் டியூப் மாற்றத் தெரிந்திருக்க வேண்டும், நடுவில் வெளியாட்கள் உதவக்கூடாது. பொதுவாக இந்தத் தூரத்தில் புதியவர்களுக்கு, முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப்போய்க் காற்றைத் தவிர்ப்பது தடை. எத்தனை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது விதிப் புத்தகத்தில் இருக்கும்.

சைக்கிளிலிருந்து இறங்கி ஓடும் முதல் சில நிமிடம் கால் உங்களுடையது போலவே இருக்காது. மரத்துப்போன மாதிரி, முட்டி மடங்காத மாதிரி. பயிற்சி செய்யாதவர் அங்கே பயந்து நடக்கத் தொடங்குகிறார், பழகியவருக்கு அது பத்து நிமிடத்தில் சரியாகிவிடும் என்று தெரியும். நான்காவது வாரத்திலிருந்து வாரம் ஒருமுறை, சைக்கிள் முடிந்த கையோடு 10 அல்லது 15 நிமிடம் ஓடுங்கள். இதைத்தான் இந்த வட்டாரத்தில் ‘பிரிக்’ என்கிறார்கள். நீளமாக ஓட வேண்டியதில்லை, அந்த உணர்வு பழகினால் போதும்.

வாரத்துக்கு மூன்று நாள் நீச்சல், இரண்டு நாள் சைக்கிள், இரண்டு நாள் ஓட்டம். ஓட்டத்தில் ஒன்றைச் சைக்கிளோடு பிரிக்காகச் சேர்த்துவிட்டால் ஒரு நாள் முழு ஓய்வு கிடைக்கும். அந்த ஓய்வு நாளை விட்டுக்கொடுக்காதீர்கள். பெரும்பாலான பயிற்சி, பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் இருக்கட்டும். கடைசி மூன்று நான்கு வாரங்களில் வேண்டுமானால் ஒரு நாள் கொஞ்சம் விரட்டலாம். போட்டிக்கு முந்தைய வாரம் அளவைப் பாதியாகக் குறையுங்கள். அந்த வாரத்தில் புதிதாக எதையும் சேர்த்துவிட முடியாது, களைப்பை வேண்டுமானால் சேர்க்கலாம். வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டக்கூடாது என்று ஒரு விதியைச் சொல்வார்கள். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை, ஆனால் அவசரப்படாதே என்று நினைவூட்டுகிற அளவுக்குப் பயனுண்டு. எலும்பிலோ மூட்டிலோ ஒரே இடத்தில் வலி நாளுக்கு நாள் கூடினால் ஓட்டத்தை நிறுத்தி நீச்சலைக் கூட்டுங்கள்.

நீச்சலுக்கும் சைக்கிளுக்கும் நடுவில் மாறும் இடத்தைப் புதியவர்கள் அலட்சியம் செய்கிறார்கள். காலையில் சைக்கிளை நிறுத்தியதும், தண்ணீரிலிருந்து வரும் வாசலில் போய் நின்று அங்கிருந்து உங்கள் சைக்கிள் வரை நடந்து பாருங்கள். எத்தனையாவது வரிசை, பக்கத்தில் என்ன அடையாளம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடையாளத்துக்கு மரமோ கம்பமோ இருக்கட்டும், பக்கத்துச் சைக்கிள் வேண்டாம், அது நகர்ந்துவிடும். ஹெல்மெட்டைக் கைப்பிடி மேல் கவிழ்த்து, பட்டைகளை இருபுறமும் திறந்து விடுங்கள். சைக்கிளைத் தொடும் முன் ஹெல்மெட் தலையில் ஏறி, பட்டை பூட்டியிருக்க வேண்டும். திரும்பி வரும்போது சைக்கிளை அதன் இடத்தில் மாட்டிய பிறகுதான் பட்டையைக் கழற்ற வேண்டும். இந்த வரிசையை வீட்டில் ஈரக் கையோடு பத்து முறை செய்து பாருங்கள். சைக்கிளை முதலிலேயே இலகுவான கியரில் விட்டு வைத்தால், சைக்கிளில் ஏற அனுமதிக்கும் கோட்டைத் தாண்டி ஏறியதும் தள்ளாடாமல் கிளம்பலாம்.

சாப்பாட்டில் நிச்சயமாகச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். வயிற்றுக்குப் பழகிய உணவைப் போட்டிக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் முடியும் போட்டிக்கு சைக்கிளில் ஒரு பாட்டில் தண்ணீர் பெரும்பாலும் போதும், அதில் கொஞ்சம் சர்க்கரை இருந்தால் நல்லது. தாகத்துக்குக் குடியுங்கள். பயத்தில் லிட்டர் கணக்கில் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து அதுவே ஆபத்தாகலாம். பயிற்சியில் ஒருமுறைகூடச் சாப்பிடாத சர்க்கரை ஜெல் பாக்கெட்டை அன்றைக்கு முதன்முதலாகப் பிரிக்காதீர்கள். தசைப்பிடிப்புக்கு உப்பு மாத்திரை உதவுமா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. உப்புக் குறைவைவிட, பழகாத அளவுக்குத் தசை களைத்துப்போவதே காரணம் என்ற கருத்துக்கு இப்போது வலு கூடியிருக்கிறது.

போகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் இருக்கும்போது குளத்தில் 800 மீட்டர் நிற்காமலும், திறந்த நீரில் துணையோடு 500 மீட்டர் பதற்றமில்லாமலும் வரவில்லை என்றால் இந்தப் போட்டியில் இறங்காதீர்கள். அதே நாளில் 400 மீட்டர் நீச்சலுள்ள சூப்பர் ஸ்பிரிண்டோ, நீச்சலே இல்லாமல் ஓட்டம், சைக்கிள், மறுபடி ஓட்டம் என்று போகும் டுவாத்லானோ இருந்தால் மாற்றித்தரச் சொல்லிக் கேளுங்கள். பல அமைப்பாளர்கள் செய்து தருவார்கள், ஆனால் கடைசித் தேதி இருக்கும், இப்போதே பார்த்து வையுங்கள்.

போட்டி கடலிலா ஏரியிலா என்று நீங்கள் எழுதவில்லை. ஏரி என்றால் கரையோரம் இதமாக இருந்துவிட்டு நடுவில் சட்டென்று சில்லிடலாம், பாசி காலில் சுற்றலாம், இரண்டுக்கும் பயப்பட வேண்டாம். கடலென்றால் உப்பு நீர் உங்களைக் கூடுதலாகவே தாங்கும், ஆனால் அலையைக் கடக்கப் பழக வேண்டும்: இடுப்பளவு ஆழம் வந்ததும், வரும் அலைக்கு அடியில் புகுந்து வெளியே வாருங்கள், நெஞ்சால் மோதாதீர்கள். நீரோட்டம் ஒரு பக்கம் தள்ளினால், பாதையைக் காட்டும் மிதவைக்கு நேராகக் குறிவைக்காமல், நீரோட்டம் வரும் பக்கமாகக் கொஞ்சம் தள்ளிக் குறிவையுங்கள். கரைக்கு வரும்போது விரல் தரையில் இரண்டு மூன்று முறை உரசும் வரை நீந்துங்கள், சீக்கிரம் எழுந்தால் தொடையளவு நீரில் நடந்தே சக்தி போய்விடும். எழுந்ததும் சில நொடி தலை கிறுகிறுக்கும், படுத்திருந்த உடல் நிமிர்வதால் வருவது. கடைசி இருபது மீட்டரில் காலைச் சற்று வேகமாக உதைத்துக்கொண்டு வந்தால் அது குறையும் என்பது எங்கள் வழக்கம், முதல் சில அடிகளை நடந்தே வைப்பது அதைவிட நிச்சயமான வழி.